சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எனக்குக் கிடைத்த ஆசான்



மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, இயந்திரவியல் மூன்றாமாண்டு மாணவன்தானே, ஏதாவது இன்ஜினைப் பற்றி எழுதுவான் என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் எழுதப் போவது 1680-ல் இத்தாலியில் பிறந்து, நம்ம கொள்ளிடக் கரையில் வாழ்ந்து, தமிழுக்கு அகராதி செய்த ஒரு மனிதரைப் பற்றி. அவருக்கும் டிப்ளமோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் என் மானம் போன கதையைச் சொல்லியாக வேண்டும்.

பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கே வந்தவர்கள் நம்மில் பாதிப் பேருக்கு மேல் இருப்போம். பாடம் புரியும், கை வேலை வரும். ஆனால் கேள்வி ஆங்கிலத்தில் வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது செமஸ்டர் மெஷின் ஷாப் செய்முறைத் தேர்வு. லேத்தில் நான் கடைந்த ஷாஃப்ட் அளவு பிசகாமல் வந்திருந்தது. வைவா கேட்க வந்தவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, டாலரன்ஸ் என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். முதல் நாள் இரவுதான் வீட்டிலிருந்த பழைய ஆங்கிலம்-தமிழ் அகராதியில் அந்தச் சொல்லைப் பார்த்திருந்தேன். சகிப்புத்தன்மை என்று கம்பீரமாகச் சொன்னேன்! லேத்துக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். மார்க் போனதுகூடப் பெரிசில்லை. அளவுக்குள் வேலை செய்யத் தெரிந்தவனுக்கு, அந்த அளவின் பெயர் தெரியவில்லை என்பதுதான் உறுத்தியது.

அன்று சாயங்காலம் சத்திரம் பேருந்து நிலையத்தில் லால்குடிப் பக்கம் போகும் பஸ் இரண்டை வேண்டுமென்றே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். படிப்பை நிறுத்திவிட்டு எங்கேயாவது ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துவிடலாமா என்ற யோசனை. அப்போது எங்கள் ஊர்ப் பள்ளியில் எனக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற தமிழய்யா, மருந்துப் பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எந்த மொழியானாலும் ஒரு சொல்லுக்கு எதிரே இன்னொரு சொல்லை மட்டும் எழுதி வைத்துக்கொண்டால் இந்தக் கதிதான் என்றார். பிறகு, முப்பது வயதில் ஒரு தமிழ் எழுத்துக்கூடத் தெரியாமல் இந்த நாட்டுக்கு வந்த ஒருவரைத் தெரியுமா தம்பி என்று ஆரம்பித்தார். அன்று அவர் சொன்னதும், அதற்குப் பிறகு நூலகத்தில் நானே தேடிப் படித்ததும்தான் இனி வருவது.

இத்தாலியிலிருந்து ஏலாக்குறிச்சிக்கு

அவருடைய இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680 நவம்பர் 8-ந் தேதி இத்தாலியில் காஸ்திகிலியோனே என்ற ஊரில் பிறந்தார். 1698-ல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710-ல் கப்பலேறி கோவா வந்து, அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தார். சமயப் பணி செய்ய வந்தவர். அந்தப் பணிக்காகத்தான் தமிழ் கற்கத் தொடங்கினார். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேலைக்காகக் கற்கத் தொடங்கிய மொழியை, வேலைக்கு வேண்டிய அளவோடு நிறுத்தாமல் போனார் பாருங்கள், அங்கேதான் அவர் பெரிய மனிதராகிறார்.

வந்த புதிதில் தெற்குச் சீமையில் காமநாயக்கன்பட்டி போன்ற ஊர்களில் இருந்தார். 1714-15 வாக்கில் குருக்கள்பட்டியில் பிடிபட்டு, மரண தண்டனை வரை போய்த் தப்பினார். அதற்குப் பிறகும் ஊர் திரும்பவில்லை. பிற்பாடு அவர் நிலைகொண்ட இடம் கொள்ளிடத்தின் வடகரையில் திருமானூர்ப் பக்கம் உள்ள ஏலாக்குறிச்சி; இன்றைக்கு அரியலூர் மாவட்டம். அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று அவர் வைத்த பெயரும் உண்டு. எங்கள் ஊர்க்காரர்கள் அங்கேயுள்ள அடைக்கல மாதா கோயில் திருவிழாவுக்குப் போய் வருவார்கள். நானும் சின்ன வயதில் போயிருக்கிறேன். பொரி வாங்கித் தின்றதுதான் ஞாபகம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து ஒரு மனிதர் நம் மொழிக்கு என்னவெல்லாம் செய்தார் என்பது அப்போது தெரியாது.

முதலில் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பிற்பாடு வீரமாமுனிவர் ஆனார். காவி உடுத்தித் தமிழ்த் துறவி போலவே வாழ்ந்தார். சுப்பிரதீபக் கவிராயர் என்பவரிடம் தமிழ் பயின்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கற்றுக்கொண்டது எத்தனை ஆழம் என்பதற்கு அவர் நூல்களே சாட்சி. 1726 வாக்கில் தேம்பாவணி என்ற காவியம், 3,615 பாடல்கள். 1730-ல் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று ஐந்து இலக்கணமும் சொல்லும் தொன்னூல் விளக்கம். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தவரும் அவரே. தன் தாய்மொழியிலேயே ஒருவர் இவ்வளவு செய்தால் ஊர் கூடி மாலை போடும். இவர் முப்பது வயதுக்கு மேல் அ, ஆ தொடங்கியவர்!

நான்கு அறை உள்ள பெட்டி

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். 1732-ல், தமிழகம் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, அவர் செய்து முடித்ததுதான் சதுரகராதி.

அதற்கு முன்னால் தமிழில் சொல்லுக்குப் பொருள் சொல்லும் நூல்கள் இல்லாமல் இல்லை. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகள் இருந்தன. அவை எல்லாம் செய்யுளில் இருக்கும். மனப்பாடம் செய்தவனுக்குத்தான் உதவும். திடீரென்று ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் எங்கே போய்த் தேடுவது? 1594-ல் சிதம்பரம் ரேவணசித்தர் அகராதி நிகண்டு செய்தபோது சொற்களை முதல் எழுத்தை வைத்து வரிசைப்படுத்தினார். அதுவும் செய்யுள்தான். வீரமாமுனிவர் செய்யுளை விட்டுவிட்டு, சொல்லை அகர வரிசையில் நிறுத்தி எதிரே பொருளை எழுதினார். இது வெளிநாட்டார் தமிழ் கற்பதற்கான மொழிபெயர்ப்பு அகராதி அல்ல. தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலேயே பொருள் சொன்ன அகராதி.

சதுர் என்றால் நான்கு. இந்த அகராதியில் நான்கு பகுதிகள். பெயரகராதியில் ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்கள் இருக்கும். பொருளகராதியில் ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள் இருக்கும். முக்கனி, ஐம்பூதம் என்பது போலக் கூட்டமாக வரும் சொற்களுக்குத் தொகையகராதி. ஓசை ஒத்து வரும் சொற்களைச் செய்யுள் எழுதுபவர்களுக்காகத் திரட்டித் தந்தது தொடையகராதி.

தமிழய்யா இதைச் சொல்லி முடித்தபோது மூன்றாவது பஸ்ஸும் போய்விட்டது. என் நோட்டை வாங்கி ஒரு பக்கத்தில் குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு போட்டு நான்கு கட்டம் ஆக்கினார். முனிவர் தமிழுக்குச் செய்ததை நீ உன் பாடத்து இங்கிலீஷுக்குச் செய்து பார் என்று சொல்லிவிட்டுத் தன் பஸ்ஸைப் பார்த்து எழுந்து போய்விட்டார்.

செய்து பார்த்தேன் நண்பர்களே. முதல் கட்டம், ஒரு சொல் பல பொருள். மூமென்ட் என்றால் பேச்சில் கணம். மெக்கானிக்ஸில் விசையை அது செயல்படும் செங்குத்துத் தூரத்தால் பெருக்கி வருவது. டை என்றால் சாவது. நம் ஒர்க்‌ஷாப்பில் கம்பியில் மரை வெட்டும் கருவி. ஸ்ட்ரெஸ் என்றால் வெளியே மன அழுத்தம். நமக்கு ஓர் அலகு பரப்பின் மேல் உள்ள விசை. என்னைக் கவிழ்த்த டாலரன்ஸும் இந்தக் கட்டத்தில்தான் உட்கார்ந்தது. ஊரில் அது சகிப்பு. லேத்தில் அது ஓர் அளவின் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டாவது கட்டம், ஒரு பொருள் பல சொல். ஸ்டார்ட், பிகின், கமென்ஸ் மூன்றும் தொடங்குவதுதான். ஆனால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யலாமே தவிர கமென்ஸ் செய்ய முடியாது! மூன்றாவது, கூட்டமாக வருபவை. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் சக்‌ஷன், கம்ப்ரெஷன், பவர், எக்ஸாஸ்ட். ஒன்றைப் பிடித்தால் மற்ற மூன்றும் பின்னாலேயே வரும். நான்காவது, ஓசை ஒத்தவை. டென்ஷன், கம்ப்ரெஷன், டார்ஷன். இழுப்பு, அழுத்தம், முறுக்கு. முனிவர் கவிஞர்களுக்காகச் செய்த பகுதி, செமஸ்டர் பரீட்சைக்கும் உதவுகிறது!

கதை சொல்லிக் கொடுத்த பாடம்

ஒரு குறை மட்டும் இருந்தது. பொருள் தெரிந்த பிறகும் அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வராது. சைக்கிளின் பாகங்கள் எல்லாவற்றுக்கும் பெயர் தெரிந்து சைக்கிள் ஓட்டத் தெரியாத மாதிரி. வீரமாமுனிவரும் இந்தச் சிக்கலைப் பார்த்திருக்கிறார். புதிதாக வரும் பாதிரிமார் ஏட்டுத் தமிழை மட்டும் கற்றுக்கொண்டு தெருவில் இறங்கினால் யார் பேச்சும் புரியாது. அதனால் செந்தமிழுக்குத் தனி இலக்கணம், பேச்சுத் தமிழாகிய கொடுந்தமிழுக்குத் தனி இலக்கணம் என்று இரண்டையும் இலத்தீனில் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. அச்சிட்டவர்கள் சமயப் பூசலில் அவருக்கு எதிர் அணியில் இருந்த லுத்தரன் சபையார்! எதிரியே அச்சிட்டுப் படிக்கிற மாதிரி ஒரு பாடநூல் எழுதுவது லேசான காரியமா?

1744-ல் பேச்சு வழக்குச் சொற்களுக்குத் தமிழ்-இலத்தீன் அகராதி ஒன்றும் செய்தார். சொல்லும் பொருளும் போதாது, அந்தச் சொற்கள் வாக்கியத்தில் நடமாடுவதையும் படிப்பவன் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்காக இலத்தீன் மொழிபெயர்ப்போடு அவர் எழுதிச் சேர்த்த கதை எது தெரியுமா? நாமெல்லாம் பாட்டியிடமும் பாடப் புத்தகத்திலும் கேட்டுச் சிரித்த பரமார்த்த குருவின் கதை!

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையை நீரில் வைப்பார்கள். ஆற்றைக் கடந்த பிறகு தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி ஓர் ஆள் குறைகிறதென்று ஒப்பாரி வைப்பார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பிப் பணம் கொடுப்பார்கள். இத்தனை நாள் இதை வெறும் சிரிப்புக் கதை என்றுதான் நினைத்திருந்தேன். அது உண்மையில் மொழி பழகுபவர்களுக்கான பயிற்சிப் புத்தகம். 1822-ல் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் லண்டனில் இதை ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொற்பட்டியலோடும் வெளியிட்டார். அங்கே தமிழ் கற்க விரும்பிய வெள்ளைக்காரர்கள் நம்ம மட்டியையும் மடையனையும் வைத்துத்தான் சொல் படித்திருக்கிறார்கள். தமிழ் தெரியாமல் அவர்கள் திணறியதை நினைத்தால், இங்கிலீஷ் தெரியாமல் நாம் திணறுவது ஒன்றும் தலைகுனிய வேண்டிய விஷயமாகத் தெரியவில்லை!

ஆங்கிலத்துக்கும் இதே பாதைதான். சாமுவேல் ஜான்சன் லண்டனில் தன் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்டது 1755-ல்; சதுரகராதி முடிந்து 23 ஆண்டுகள் கழித்து. பொருளை மட்டும் எழுதினால் போதாது என்று, பழைய நூல்களிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எடுத்துக்காட்டுகளைத் திரட்டிச் சேர்த்தார் ஜான்சன். பின்னாளில் ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர், ஜப்பானிய மாணவர்களுக்குப் பாடம் நடத்திய அனுபவத்தில், வெளிநாட்டு மாணவனுக்கென்றே எளிய விளக்கமும் மாதிரி வாக்கியமும் உள்ள அகராதியைக் கூட்டாளிகளோடு தயாரித்தார். அது 1942-ல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. இன்று நம் நூலகத்தில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதிக்கு அதுவே மூலம்.

எனவே என் நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஒரு வாக்கியம் எழுத ஆரம்பித்தேன். ஆங்கிலத்திலேயே, என் சொந்த வாக்கியம். டாலரன்ஸுக்குக் கீழே இருப்பது இது: த ஷாஃப்ட் இஸ் ட்வென்டிஃபைவ் மில்லிமீட்டர், ப்ளஸ் ஆர் மைனஸ் பாயின்ட் ஸீரோ டூ, ஸோ த டாலரன்ஸ் இஸ் பாயின்ட் ஸீரோ ஃபோர். என் கையால் கடைந்த ஷாஃப்ட் பற்றிய வாக்கியம். செத்தாலும் மறக்காது!

கடைசிக் காலம்

வீரமாமுனிவர் வாழ்வுக்கும் நம் திருச்சிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. திருச்சிராப்பள்ளியை அப்போது ஆண்ட சந்தா சாகிப்புக்கு அவர் வேண்டியவராக இருந்தார். நவாபைச் சந்திப்பதற்காக மூன்றே மாதத்தில் புதுமொழி கற்றார், திவானாகவே இருந்தார் என்றெல்லாம் பழைய வரலாற்றில் எழுதியிருக்கிறது. திவான் கதையை ஆராய்ச்சியாளர்கள் ஒப்புவதில்லை. மூன்று மாதக் கதையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சதுரகராதிக்கு இருபது வருடம் ஆயிற்று என்பதுதான் எனக்குத் தெம்பு தருகிறது. 1741-ல் மராட்டியர் திருச்சியைப் பிடித்துச் சந்தா சாகிப்பைச் சிறை கொண்டு போனார்கள். அந்தக் குழப்பத்துக்குப் பின் முனிவர் தெற்கே போனார். அந்தக் காலத்திலும் எழுதுவதை விடவில்லை. தமிழ்-இலத்தீன் அகராதியை முடித்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கேரளத்தில் அம்பலக்காடு என்ற ஊரில் 1747 பிப்ரவரி 4-ந் தேதி காலமானார்.

சதுரகராதி அச்சில் முழுமையாக வந்தது 1824-ல், சென்னையில். அதாவது எழுதி 92 ஆண்டுகள் கழித்து! தன் வாழ்நாளில் அதை அச்சில் பார்க்கவில்லை அவர். ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பார்த்து எழுதியே அது நிலைத்தது. ஏட்டில் எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு தெரியாமல் கெடுவா கேடா என்று தடுமாறிய காலத்தில், அந்த நெடில்களைத் தனியாகக் காட்டும் சீர்திருத்தமும் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் வைத்த சிலைகளில் அவர் சிலையும் ஒன்று.

நண்பர்களே, நம்மிடம் இன்றைக்கு செல்போன் இருக்கிறது. எந்தச் சொல்லைத் தட்டினாலும் ஒரு நொடியில் பொருள் வருகிறது, ஒரு நொடியில் மறந்தும் போகிறது. கையால் எழுதி, பொருளைத் தன் வார்த்தையில் சொல்லி, சொந்தமாய் ஒரு வாக்கியம் அமைத்தால்தான் சொல் நம்முடையதாகிறது. தேடிக் கொடுக்கும் வேலையை போன் செய்யட்டும். சொல்லைத் தன்வசமாக்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

நான் ஒன்றும் இங்கிலீஷில் புலியாகிவிடவில்லை. இன்னமும் தப்புத் தப்பாகத்தான் பேசுகிறேன். ஆனால் ஐந்தாவது செமஸ்டர் வைவாவில் யீல்ட் பாயின்ட் பற்றிக் கேட்டபோது, யீல்ட் என்றால் விளைச்சல் என்று சொல்லவில்லை. சுமையை நீக்கினாலும் உலோகம் பழைய வடிவத்துக்கு முழுசாகத் திரும்பாத நிலை அங்கே தொடங்குகிறது என்று மூன்று சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொன்னேன். இரண்டாவது வாக்கியத்தில் இலக்கணப் பிழை இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

என் நோட்டில் இன்றைக்கு அறுநூறு சொற்களுக்கு மேல் இருக்கின்றன. முக்கால்வாசியும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில், பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் எழுதியவை. அங்கே பத்து நிமிடமாவது நிற்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்? முதலாமாண்டுத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக் காலை நோட்டில் இரண்டு கோடு போட்டு நான்கு கட்டம் ஆக்குங்கள். எந்தச் சொல் உங்களைத் தலைகுனிய வைத்ததோ, அதை முதலில் எழுதுங்கள். நோட்டு வேண்டுபவர்கள் மூன்றாமாண்டு இயந்திரவியல் வகுப்பில் வந்து கேளுங்கள், பார்த்து எழுதிக்கொள்ளத் தருகிறேன். மறக்காமல் திருப்பித் தந்துவிட வேண்டும்!